எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாத கணினி

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடத்தின் கணக்கு அறை, முந்திரி வியாபாரியின் கடை, ஆதாரும் பட்டாவும் அச்சிட்டுத் தரும் பிரவுசிங் சென்டர், வீட்டுக் கூடத்து மூலை என எங்கு பார்த்தாலும் இன்று ஒரு கணினி இருக்கிறது. அதன் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் மூன்று பதில்களே கிடைக்கும். "நம்ம கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?" "ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோம்." "வைரஸ் வந்தால் ஃபார்மட் அடித்துக்கொள்ளலாம்."

இவை விருத்தாசலத்துக்கு மட்டும் உரிய பதில்கள் அல்ல. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக்கூடியவைதான். ஆபத்து சிறியது, வேலி போதுமானது, இழப்பு வந்தாலும் மீட்டுவிடலாம் என்பதே இவை மூன்றும் சேர்ந்து சொல்லும் கருத்து. இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. சிற்றூர்களின் உழைப்பும் சேமிப்பும் அடையாள ஆவணங்களும் கணினிக்குள் குடியேறிவிட்ட இந்தக் காலத்தில் இப்படி நம்பிக்கொண்டிருப்பது வெறும் அறியாமையாக முடிவதில்லை. அதை நம்புகிறவரின் பிழைப்பையும், அவரை நம்பித் தாளைக் கொடுத்தவரின் பணத்தையும் அது சேர்த்தே பலி கேட்கிறது.

1. "திருட என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. எங்கோ ஒருவன் உட்கார்ந்து, இந்த வீட்டுக்குள் நுழையலாமா, அந்த வீட்டுக்குள் நுழையலாமா என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கிறான் என்பதே அந்தப் படம். கணினித் தாக்குதலில் பெரும்பங்கு அப்படி நடப்பதில்லை. தாக்கும் நிரல் இணையத்திலுள்ள முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது. திறந்திருக்கும் கதவு எதுவோ அதற்குள் நுழைகிறது. உள்ளே இருப்பது அமைச்சகமா, அகல் விளக்குக் கூடமா என்று அது பார்ப்பதில்லை.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற தீநிரல் இதற்குத் தெளிவான சான்று. சில நாள்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளை அது பூட்டியது. ஒவ்வொரு கணினிக்கும் 300 டாலரை பிட்காயினில் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் முடங்கியதை உலகமே பேசியது. அதே நாள்களில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளிலும் அதே பணக் கோரிக்கை திரையில் நின்றது. மலைப்பகுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் திருட என்ன இருக்கிறது என்று யாரும் கணக்குப் போடவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டிய தேவைகூட அந்த நிரலுக்கு இல்லை. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியிலிருந்த ஓட்டை ஒன்றே அதற்குப் போதுமாக இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு முன் 59 நாள் அவகாசம் இருந்தது. அந்த இடைவெளியில் அப்டேட் போட்டுக்கொண்ட கணினிக்குள் அந்தப் புழு அந்த வழியே நுழைய முடியவில்லை.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறைக் கணினிகள் சில, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகை நிரலால் பூட்டப்பட்டன. கேட்கப்பட்ட தொகை 1,950 டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம். ஒரு மாநில அரசின் முக்கியத் துறை என்று தெரிந்து பேரம் பேசியவன் கேட்கும் தொகையாக அது தோன்றவில்லை. வலையில் சிக்கிய மீன் எதுவானாலும் ஒரே விலை என்ற கணக்குத்தான் அதில் தெரிகிறது.

"திருட என்ன இருக்கிறது" என்ற கேள்வியின் இரண்டாவது பிழை, பொருளின் மதிப்பைத் திருடனின் கண்ணால் அளப்பது. ரான்சம்வேர் அனுப்புகிறவனுக்கு ஒரு பீங்கான் கூடத்தின் கணக்குக் கோப்பால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் கூடத்து உரிமையாளருக்கு அதுதான் எல்லாம். யார் எவ்வளவு பாக்கி, எந்த ஊருக்கு எத்தனை பெட்டி போயிற்று, ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான பட்டியல், கார்த்திகை தீபத்துக்கு வந்த ஆர்டர்கள், பொம்மை அச்சுகளின் படங்கள் என அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. பூட்டுகிறவன் விற்பது இந்தப் பொருளை அதன் சொந்தக்காரருக்கே. வாங்க ஆள் ஒருவர் இருந்தால் போதும். அவரும் எங்கேயும் ஓடிவிட முடியாதவர்.

வீட்டுக் கணினிகளையும் சிறு கடைகளையும் நம்பியே பிழைத்த ரான்சம்வேர் குடும்பம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்டாப். கேட்கும் தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, அதாவது 490 டாலர். தள்ளுபடி அறிவித்து வியாபாரம் நடத்தும் அளவுக்கு, சாதாரண மக்களின் கோப்புகளுக்குச் சந்தை இருந்தது. எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாத கணினிகள்தான் அந்தச் சந்தையின் சரக்கு.

மூன்றாவது பிழை, கணினியே ஒரு பொருள் என்பதை மறப்பது. உள்ளே ஒரு கோப்புகூட இல்லாவிட்டாலும் அதற்கு ஓடும் திறனும் இணைய இணைப்பும் உண்டு. கைப்பற்றிய ஆயிரக்கணக்கான கருவிகளை ஒரே கயிற்றில் கட்டி, வேறொருவர் மேல் ஏவலாம். 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல், கண்காணிப்பு கேமராக்களையும் ரவுட்டர்களையும் அப்படித்தான் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதே அதன் சாவி. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிக் கூட்டம், டைன் என்ற நிறுவனத்தின் இணைய முகவரிச் சேவையைத் திணறடித்தது. ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டவில்லை. கடை வாசலில் மாட்டிய கேமராவில் திருட ஒன்றும் இல்லைதான். ஆனால் பிறரை அடிக்க அதுவே தடியாயிற்று.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது நான்காவது பிழை. அந்தக் கணினியில் இருப்பது பெரும்பாலும் "நம்முடையது" அல்ல. பிரவுசிங் சென்டரின் டவுன்லோட்ஸ் பெட்டியைத் திறந்தால் அங்கே இருப்பவை ஊராரின் ஆதார், பான், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். இணையத்தில் இறக்கும் மின்-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு என்று ஆறுதல் கொள்ள முடியாது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அது. அந்தச் சூத்திரத்தை ஆதார் ஆணையமே எல்லோரும் அறிய வெளியிட்டிருக்கிறது. பெயரும் வயதும் தெரிந்த எவருக்கும் அந்தப் பூட்டு பூட்டே இல்லை. பொதுக் கணினியில் இறக்கிய ஆதார்ப் படிகளை அழித்துவிட வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுரை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறர் விவரத்தைக் கையாள்பவர் அதைத் தக்க காப்போடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. வேலை முடிந்தபின் நீக்கவும் சொல்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பாட்டியின் தாள் அந்தக் கணினியில் கிடக்கிறது என்றால், "திருட என்ன இருக்கிறது" என்று கேட்கும் உரிமை கடைக்காரருக்கு இல்லை.

2. "ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோம்"

ஆன்டிவைரஸ் பயனற்றது என்று சொல்வது இந்த மறுப்பின் நோக்கம் அன்று. முன்பே அறிந்த தீநிரல்களின் அடையாளங்களை வைத்தும், சந்தேகத்துக்குரிய நடத்தையைக் கவனித்தும் அது பலவற்றைத் தடுக்கிறது. விண்டோஸ் 8 முதல் அந்த வசதி விண்டோஸோடு இணைந்தே வருகிறது. முறையாக அப்டேட் ஆகும் வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். பிழை எங்கே என்றால், ஆண்டுக்கொருமுறை பணம் கட்டி ஒரு பெட்டியை வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்ற கடமையே முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான். அடையாளம் இன்னும் எழுதப்படாத புதிய நிரலை அது தவறவிடலாம். உரிமையாளரே அழைத்து உள்ளே உட்காரவைப்பதை அதனால் தடுக்கவே முடியாது.

அழைத்து உட்காரவைக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். உரிமம் இல்லாத விண்டோஸையோ படம் திருத்தும் மென்பொருளையோ ஓடவைக்க ஒரு "கிராக்" இறக்கப்படுகிறது. அதை நிறுவும்போது முதலில் வரும் கட்டளை, ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்பது. அணைத்தபின் அது நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. ஸ்டாப் ரான்சம்வேர் முக்கியமாகப் பரவியதே இந்த வழியில்தான். கிராக் போட்ட கணினியில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அப்டேட் வந்தால் கள்ளப்பிரதி என்று தெரிந்துவிடும் என்ற பயத்தில் அதையும் நிறுத்திவிடுகிறார்கள். முன்வாசலில் பூட்டு தொங்க, பின்சுவரே இல்லாத வீடாகிறது அது.

உரிமத்தின் விலை சிறு கூடங்களுக்குச் சுமை என்பது உண்மை. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் கள்ளப்பிரதி மட்டுமே மாற்று என்பது பொய். லினக்ஸும் லிப்ரே ஆஃபிஸும் விலையின்றிக் கிடைக்கின்றன. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. கடிதம் அடிப்பதற்கும், பட்டியல் போடுவதற்கும், இணையத்தில் படிவம் நிரப்புவதற்கும் அது போதும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் தேவையென்றால், அந்த ஒரு கணினிக்காவது உரிமம் வாங்குவது, இழந்த ஓராண்டுக் கணக்கை மறுபடி எழுதுவதைவிடச் செலவு குறைவு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. ஆதரவு முடிந்தபின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். எந்த ஆன்டிவைரஸும் அந்த வேலையைச் செய்வதில்லை.

நல்ல காவல் உள்ள இடத்திலும் ஒரு கணினி வீழலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்துக்குத் தீநிரல் பற்றிய தகவலை மத்திய அரசின் கணினி அவசரக் குழுவான செர்ட்-இன் அனுப்பியது. அக்டோபர் 30 அன்று கழகம் அதை ஒப்புக்கொண்டது. தொற்றியது, நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலையில் ஒரு பயனாளரின் தனிக் கணினி. நிலையத்தை இயக்கும் உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்று கழகம் சொன்னது. இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தொற்று வந்தேவிட்டது. சேதத்தை அந்த ஒரு கணினியின் எல்லைக்குள் நிறுத்தியது பிரிவினை.

இந்தக் கொள்கை விருத்தாசலத்துக்குப் புதிதல்ல. இங்குள்ள கூடங்களில் உருவாகும் மின்சாதனப் பொருள்களில் பீஸ் கட்டையும் ஒன்று. மின்கோளாறே வராது என்று பீஸ் கட்டை வாக்குக் கொடுப்பதில்லை. கோளாறு ஒருநாள் வரும் என்று வைத்துக்கொண்டு, அன்று மெல்லிய கம்பி ஒன்று உருகி அறுபட்டு, வீட்டைத் தீயிலிருந்து காக்கிறது. கம்பி அடிக்கடி போகிறதே என்று சலித்துத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வீடுகளும் உண்டு. அன்றிலிருந்து விளக்கு அணைவதில்லை. எரிய வேண்டிய நாளில் கம்பிக்குப் பதில் ஒயரிங்கே எரிகிறது. அனுமதி கேட்கும் கேள்விப் பெட்டி தொல்லை என்று அணைப்பதும், எல்லா நேரமும் நிர்வாகி கணக்கிலேயே கணினியை ஓட்டுவதும், அப்டேட்டை நிறுத்துவதும், எல்லாத் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதும் அந்தத் தடித்த கம்பிதான்.

3. "ஃபார்மட் அடித்துக்கொள்ளலாம்"

ஃபார்மட் அடிப்பது கணினியைச் சுத்தமாக்கும். போனதைக் கொண்டுவராது. பூட்டப்பட்ட கோப்புகளை அது மொத்தமாக அழித்துவிடுகிறது. பின்னால் சாவி கிடைத்தால்கூடத் திறப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாவி கிடைப்பதும் உண்டு. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் ஸ்டாப் குடும்பத்தின் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. எல்லோருக்கும் அது பயன்படவில்லை என்றாலும், பூட்டிய வட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தவர்களில் பலருக்குக் கோப்புகள் திரும்பின. அவசரத்தில் ஃபார்மட் அடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

திருடுபோன கடவுச்சொல்லையும் ஃபார்மட் திரும்பப் பெறாது. உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களை அள்ளிச் செல்வதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. அவை போன பிறகு இங்கே வட்டைத் துடைத்தால் அங்கே ஒன்றும் அழியாது. வேறொரு சுத்தமான கருவியிலிருந்து ஒவ்வொரு கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றி, திறந்துகிடக்கும் உள்நுழைவுகளை எல்லாம் வெளியேற்றுவதே அதற்கு மருந்து.

பென்டிரைவுக்குள் குடியிருக்கும் ஷார்ட்கட் வைரஸையும் கணினியின் ஃபார்மட் தீர்ப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவில் கோப்புகள் காணாமல்போய், அதே பெயரில் ஷார்ட்கட் மட்டும் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கோப்புகள் எங்கும் போகவில்லை. நிரல் அவற்றை மறைத்து, தன்னை ஓடவைக்கும் குறுக்குவழியை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது. அதைச் சொடுக்கினால் அடுத்த கணினிக்கும் தொற்றும். கணினியைத் துடைத்துவிட்டு அதே பென்டிரைவை மறுபடி செருகி அதே ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் செய்த வேலை வீண்.

போனதைக் கொண்டுவருவது நகல் ஒன்றே. இதற்கும் விருத்தாசலத்திலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. இந்த ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இங்கே இறைவன் அளித்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராண வரலாறு. அதில் பலரும் கவனிக்காமல் விடுவது மச்சம். ஆற்றில் இடுமுன் அவர் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டை மாதிரிக்காகக் கையோடு எடுத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பிறகே மாற்று ஒத்துவந்தது. இட்டதே திரும்பி வந்ததா என்று சரிபார்க்காமல் அவர் ஏற்கவில்லை.

நகல் வைப்பவர்களில் பலர் தவறும் இடம் அதுவே. ஆண்டுக்கணக்கில் நகல் எடுத்திருப்பார்கள். ஒருமுறைகூட அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். தேவைப்படும் நாளில் வட்டு படிக்காது, அல்லது உள்ளே காலியான பெட்டி இருக்கும். மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதி இருக்க வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்ற விதி. சிறு கூடத்துக்கு இதன் பொருள் எளிது. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டு அலமாரியிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வெளி டிஸ்கை நகல் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே கிடக்கும் டிஸ்கை ரான்சம்வேர் கணினியோடு சேர்த்தே பூட்டும். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பது மச்சம் உரைப்பதற்குச் சமம்.

4. "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு"

மூன்று பதில்களும் தளர்ந்தபின் மிஞ்சுவது இந்த வாதம். பாதுகாப்புக்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்கிறது இது. உண்மையில் வீட்டுக்கும் சிறு கடைக்கும் தேவையானவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. இயங்குதளமும் உலாவியும் தாமாகவே அப்டேட் ஆக விடுவது முதல் வேலை. அன்றாட வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கைத் தனியே திறந்துகொண்டு, நிர்வாகி கணக்கை மென்பொருள் நிறுவ மட்டும் பயன்படுத்துவது இரண்டாவது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு எங்கும் இல்லாத நீண்ட கடவுச்சொல் வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைச் செயல்படுத்துவது மூன்றாவது. ரவுட்டரிலும் கேமராவிலும் கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றுவது நான்காவது. வங்கி, மின்வாரியம், கணினி நிறுவனம் என்று எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவ மறுப்பது ஐந்தாவது. எனிடெஸ்க் என்ற அத்தகைய செயலி வழியாக நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

கடினம் என்ற எண்ணத்தைத் தவறான அறிவுரைகளும் வளர்த்துவிட்டன. மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்று, குறியீடுகளைக் கலந்து வை என்று சொல்லிவந்ததால், மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றினார்கள், அல்லது திரையில் ஒட்டிவைத்தார்கள். அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 2017-ல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. கடவுச்சொல் கசிந்ததற்கான அடையாளம் இல்லாதபோது, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்றது. நீளமும் தனித்தன்மையுமே வலிமை. தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நினைவில் நிற்கும், ஊகிக்கவும் கடினம். நினைவில் நிற்காது என்பவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட மிகப் பாதுகாப்பானது.

நேர்ந்தபின் வாயை மூடிக்கொள்வதும் இந்த எண்ணத்தின் விளைவே. நம் பிழைதானே, சொன்னால் சிரிப்பார்கள் என்று நாள் கடத்துகிறார்கள். நாள் கடத்துவதுதான் பணத்தைக் கொல்கிறது. இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்ற எண்ணும் தேசிய சைபர் குற்றப் புகார் தளமும் இருக்கின்றன. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் தகவல் போனால் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறு இல்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை, வங்கித் தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பே இல்லை. அவரே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டிருந்தாலும், புகார் கொடுத்த நேரத்துக்குப் பிந்திய இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும். ஆகவே தவறு யாருடையதாக இருந்தாலும் உடனே சொல்வதே ஆதாயம். தொற்றிய கணினியைச் சுத்தம் செய்ய, செர்ட்-இன் 2017 முதல் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசக் கருவிகளைத் தருகிறது. ரான்சம்வேர் என்றால் செய்ய வேண்டியவை நான்கு. முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திரையில் உள்ள செய்தியைப் படம்பிடிக்க வேண்டும். வட்டைத் துடைக்காமல் வைத்துக்கொண்டு புகார் செய்ய வேண்டும். பணம் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

"திருட என்ன இருக்கிறது" என்ற கேள்வியை இனி கைவிட வேண்டும். அதன் இடத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. நாளைக் காலை இந்தக் கணினி திறக்காவிட்டால் எந்த வேலை நிற்கும்? இதற்குள் இருப்பது வெளியே போனால் யார் யார் பாதிக்கப்படுவார்கள்? முதல் கேள்விக்கான விடை எதை நகல் எடுக்க வேண்டும் என்று காட்டும். இரண்டாவதற்கான விடை எதை அழிக்க வேண்டும், எதைப் பூட்ட வேண்டும் என்று காட்டும். இரண்டுக்கும் ஒரு தாளில் விடை எழுதிக் கணினி மேசையில் வைத்திருக்கும் கூடமும் கடையும் வீடும், தாக்குதல் வந்த நாளிலும் ஒரு பீஸ் கம்பியின் இழப்போடு மீளும்.